கனைப்பு

மழைக்காலம் வந்துவிட்டால் எங்கள் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் யாரும் யாரோடும் நல்லபடியாகப் பேசுவதில்லை. காற்றில் ஈரம் ஏறியதும் அட்டை வளைந்துகொள்ளும், பசை காயாது, வளைந்த அட்டையை மெஷின் வாங்காது. மெஷின்காரர்கள் பசை போடுகிறவர்களைத் திட்டுவார்கள். பசைக்காரர்கள் பாய்லர்க்காரரைத் திட்டுவார்கள். பாய்லர்க்காரர் வானத்தைத் திட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். கேட்டை ஒட்டிய டைம் ஆபீஸில் உட்கார்ந்து, யார் வந்தார், யார் வரவில்லை, யார் வந்தும் வராத மாதிரி இருக்கிறார் என்று பார்ப்பது என் வேலை. அப்படி ஓர் ஈரமான காலையில்தான் கேள்விக்காரி என் அறைக்குள் வந்து, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

கேள்விக்காரி என்பது ஆட்கள் வைத்த பெயர். எங்கள் மனிதவளப் பிரிவில் அவள் அதிகாரி. வேலை கேட்டு யார் வந்தாலும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்பாள். பெருக்க வந்தவருக்கும் அதே வரிசை, கணக்கெழுத வந்தவருக்கும் அதே வரிசை. ஒருமுறை முதலாளியின் மச்சான் அனுப்பிய ஆள் ஒருவன், "நான் யாருன்னு தெரியுமா?" என்று கேட்டானாம். "அது மூணாவது கேள்வி சார், இன்னும் வரல" என்றாளாம் இவள். வேலை இல்லை என்று முடிவானவர்களைத் தானே போனில் கூப்பிட்டு, ஏன் இல்லை என்று சொல்லுவாள். சிலர் வைது தீர்ப்பார்கள். வாங்கிக்கொண்டு, "இல்லைங்கறதையும் மரியாதையா சொல்லணும்க்கா" என்பாள். அவளும் நானும் ஒரே கட்டிடத்தில் அடுத்தடுத்த வீடு. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தச் சுவருக்குக் காது மட்டுமில்லை, வாயும் உண்டு.

"என்னடி, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றேன்.

"அவன் வர்றான்க்கா."

"எவன்?"

"சிரிப்பு சார்."

என் கையிலிருந்த டீ கிளாஸை மேஜையில் வைத்துவிட்டேன். அவளுக்கு மேலே இருந்த மேனேஜர் வேலையை விட்டுப் போய், அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. அவள் அதற்கு இன்னும் சின்னப் பெண் என்பது முதலாளியின் எண்ணம். வெளியிலிருந்து ஆள் தேடிக்கொண்டிருந்தார். வந்த விண்ணப்பங்களில் சிரிப்பு சாரும் ஒருவர். அவர் இருந்த மில்லை மூடிவிட்டார்கள்.

"முதலாளிக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. 'ஆளுங்களைச் சிரிச்சுக்கிட்டே அடக்கிடுவாராமே'ங்கறார். அவன் வந்தா என் தலைக்கு மேல வருவான். தினம் அவனுக்குக் குட்மார்னிங் சொல்லணும். அது என்னால முடியாது. வேலையை விட்டுட்டா வீடு நடக்காது." இதைச் சொல்லும்போது அவள் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

சிரிப்பு சார் யார் என்று சொல்லாவிட்டால் கதை நகராது. கேள்விக்காரியின் புருஷன் பேப்பர் மில்லில் ஃபிட்டர். கைராசிக்காரன். மெஷினில் காதை வைத்தே பேரிங் தேய்ந்திருப்பதைச் சொல்லுவான். அந்த மில்லில் வேகமாக ஓட்டவேண்டும் என்று உருளையின் மேலிருந்த இரும்பு மூடியைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினார்கள். உருளை அவன் வலது கையில் இரண்டு விரலைத் தின்றுவிட்டது. விசாரணையில், "மூடியைக் கழட்டச் சொன்னது மேலேருந்து" என்று உள்ளதைச் சொன்னான். அங்கே மனிதவள மேனேஜராக இருந்த சிரிப்பு சார் அவன் தோளில் தட்டிக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். சிரித்த முகம் மாறாமலே வேலையை விட்டும் நிறுத்தினார்.

அது போகட்டும், வேறு வேலை கிடைக்காதா என்று ஃபிட்டர் ஏறாத கம்பெனிப் படி இல்லை. கியர் பெட்டியைப் பிரித்து மாட்டிக் காட்டுவான். பார்த்தவர்கள் தலையாட்டுவார்கள். "தெரியப்படுத்துறோம்" என்பார்கள். அப்புறம் ஒருத்தரும் தெரியப்படுத்த மாட்டார்கள். கைதான் காரணம் என்று அவனாக முடிவு செய்துகொண்டான். இன்டர்வியூவுக்குப் போகும்போது வலது கையை பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்ள ஆரம்பித்தான். பிறகு வீட்டிலேயும் அது பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தது. பிறகு இன்டர்வியூவுக்குப் போவதையே விட்டான். முன்னறையில் ஃபேன், மிக்ஸி, அயர்ன்பாக்ஸ் என்று பரப்பிவைத்து ரிப்பேர் பார்க்க உட்கார்ந்துவிட்டான்.

வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்று இவள் ஒரு கம்பெனியின் ஆள் சேர்க்கும் பிரிவில் டெலிபோன் எடுக்கிற வேலைக்குப் போனாள். அங்கே ஒருநாள், பக்கத்து மேஜைக்காரர் ஓர் ஆளைப் பற்றி விசாரிக்க அவனுடைய பழைய கம்பெனிக்குப் போன் போட்டார். பேசி வைத்தார். அந்த ஆளின் விண்ணப்பத்தை ஓரம் தள்ளினார்.

"ஏன் சார், நல்ல மனுஷன்னுதானே சொன்னாங்க?" என்று இவள் கேட்டிருக்கிறாள்.

"அதுக்கு முன்னாடி கனைச்சாங்களே, கேக்கல?"

அதுதான் இந்தத் தொழிலின் வழக்கமாம். ஒருத்தனைப் பற்றிக் கெட்டதாக ஒரு சொல் சொன்னால் நாளைக்குக் கேஸ் கீஸ் என்று வரும். அதனால் சொல்லமாட்டார்கள். "மறுபடி இவரை வேலைக்கு எடுப்பீங்களா?" என்று கேட்டால், ஒரு மூச்சு சும்மா இருப்பார்கள். தொண்டையை ஒரு கனை கனைப்பார்கள். "நல்ல மனுஷன்" என்பார்கள். கேட்டவன் புரிந்துகொண்டு போனை வைத்துவிடுவான். கனைப்புக்கு யார் சாட்சி? எந்தக் கோர்ட்டில் கனைப்பைக் கூண்டில் ஏற்றுவது?

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவள் இதைச் சொன்னபோது நான் அங்கேதான் இருந்தேன். ரிப்பேருக்குக் கொடுத்த என் அயர்ன்பாக்ஸை வாங்கப் போயிருந்தேன். ஃபிட்டர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் அப்படியே நின்றது. "அப்ப கை இல்லியா? கை காரணம் இல்லியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். யாருக்குத் தெரியும்? கனைத்தவனுக்குத்தான் தெரியும்.

அன்றைக்குத்தான் அவள் படிக்க ஆரம்பித்தாள். மனிதவளத் தொழிலுக்கென்று ஒரு பரீட்சை இருக்கிறது. சாயங்கால வகுப்பு. ஊருக்கு உழைக்கப் படித்தாள் என்று நினைக்காதீர்கள். பழிக்குப் படித்த படிப்பு அது. "அவன் எந்த நாற்காலியில உக்காந்து என் புருஷனைக் கெடுத்தானோ, அந்த மாதிரி நாற்காலியில நான் உக்காரணும். ஒருநாள் எனக்கு எதிர்ல அவன் வருவான்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள். காய் நறுக்கிக்கொண்டே பாடத்தை ஒப்பிப்பாள். ரகசியம் காக்கணும். சொந்தப் பகை, சொந்த உறவு இருந்தா முதல்லயே சொல்லிடணும். ஒருத்தர் மேல வந்த குறையை அவர்கிட்டச் சொல்லி, அவர் பதிலைக் கேக்காம முடிவெடுக்கக் கூடாது.

"இதெல்லாம் அந்தச் சிரிப்பு படிக்கலியா?" என்று மாமியார் கேட்பாள்.

"படிச்சிருப்பான் அத்தை. பாஸும் பண்ணியிருப்பான்."

பரீட்சை பாஸ் பண்ணித்தான் எங்கள் கம்பெனிக்கு அதிகாரியாக வந்தாள். சிரிப்பு சாரின் விண்ணப்பம் வந்து, அவள் என் அறையில் சொன்ன அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டில் என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். வெளியே விடாத மழை. உள்ளே கழற்றிப் போட்ட மிக்ஸிகளுக்கு நடுவே ஃபிட்டர். மாமியார் சட்டியிலிருந்த முட்டையைக் கிளறிக்கொண்டிருந்தாள். ரகசியம் காக்கவேண்டும் என்ற விதியைக் கேள்விக்காரி அன்று வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வந்தாள் போல. எல்லாவற்றையும் சொன்னாள்.

மாமியார் கரண்டியைத் தூக்கினாள். "கடவுளுக்குக் கண்ணு இருக்குடி! தானா வந்து வலையில விழுறான். ஒன்னும் பண்ண வேணாம். உங்க முதலாளிகிட்டப் போய் நின்னுக்கோ. அவர் கேப்பாரு. நீ..." என்று தொண்டையைச் செருமி ஒரு பெரிய கனைப்புக் கனைத்தாள். பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்டிருக்கும். "நல்ல மனுஷன்னு சொல்லிட்டு வந்துடு. முடிஞ்சுது."

"அத்தை, அது முடியாது. நான் அதைச் செஞ்சா நாளைக்கு நானும் அவனும் ஒன்னு."

"ஒன்னா இருந்தா இருந்துட்டுப் போ! யாரு வேணாங்கறா? என் புள்ள அஞ்சு விரலோட பொறந்தான். ஆளில்லாத வீட்டுல வளத்து ஆளாக்கினேன். அந்தப் பாவி ஆப்பிள் வாங்கிட்டு வந்து, 'அம்மா, கவலைப்படாதீங்க'ன்னு என் கையைப் புடிச்சுச் சொன்னான். நானும் கும்பிட்டேன்டி. கும்பிட்ட கை இன்னும் எரியுது."

"நீ என்னப்பா சொல்ற?" என்று ஃபிட்டரைக் கேட்டேன்.

அவன் மிக்ஸியின் பிளேடைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "எனக்கு அவன் கெட்டுப்போகணும்னு இருக்குக்கா. இல்லன்னு சொன்னா அது பொய்" என்றான். "வேலை போனது பெருசில்ல. ஏன்னு ஒருத்தன் சொல்லலியே. சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன், இல்ல அழுதுட்டு எந்திரிச்சிருப்பேன். ராத்திரி படுத்தா இந்தக் கையைத்தான் திட்டுவேன். பாவம், இது என்ன பண்ணுச்சு?" பாக்கெட்டை ஒரு தரம் பார்த்தான். "அவன் ஏன்னு சொல்லணும். அப்புறம் நாசமாப் போகட்டும்."

கேள்விக்காரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவள் மனதில் ஏதோ ஒன்று முடிச்சுப் போட்டுக்கொண்டது என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் நேராக முதலாளி அறைக்குப் போனாள். "சார், அந்த ஆள் என் புருஷனை வேலையை விட்டு எடுத்தவர். எனக்கு அவர் மேல பகை இருக்கு. அதனால நான் மார்க் போடக் கூடாது, முடிவுலயும் கலந்துக்கக் கூடாது" என்றாள். முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். பகை இருக்கிறது என்று ஒருத்தர் தானாக வந்து சொன்னதை அவர் அதுவரை பார்த்ததில்லை.

"சரி, மார்க் போடாத. ஆனா கேள்வி நீதான் கேக்கணும். எனக்கு அந்த வரிசையெல்லாம் வராது. அந்த ஆளைப் பத்தி விசாரிக்கறதை டைம் ஆபீஸ் அம்மா பேசட்டும். இப்பவே என் எதிர்லயே பேசட்டும்."

இப்படித்தான் நான் இதில் மாட்டினேன். முதலாளி மேஜையில் போனை வைத்து, சத்தமாகக் கேட்கும்படி போட்டோம். மூடிய மில்லின் ஆபீஸில் சாமான்களை ஒப்படைக்க இன்னும் ஓர் ஆள் இருந்தார். சிரிப்பு சாரிடம் உதவியாளராக இருந்தவர். கேள்விக்காரி சொல்லிக்கொடுத்த வரிசையில் கேட்டேன். என்ன வேலை பார்த்தார், எப்படிப் பார்த்தார் எல்லாம் ஒழுங்காகப் பதில் வந்தது. கடைசிக் கேள்வி: "மறுபடி அவர்கிட்ட வேலை பார்ப்பீங்களா?"

அந்தப் பக்கம் பேச்சில்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டது, இங்கேயா அங்கேயா தெரியவில்லை. அப்புறம் தெளிவாக ஒரு கனைப்பு.

"நல்ல மனுஷன்ங்க" என்றார்.

எனக்கு நாக்கில் சர்க்கரை வைத்த மாதிரி இருந்தது. உண்மையைச் சொன்னால் என்ன? எழுந்து ஆடலாம் போலிருந்தது. வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பார்கள். அவன் விதைத்த கனைப்பு அவன் வீட்டு வாசலிலேயே முளைத்து நிற்கிறதே! முதலாளியும் விவரம் தெரிந்தவர். போனை அணைத்துவிட்டு, "அவ்வளவுதான். கனைச்சுட்டான். அந்த ஆளை விட்டுடு, அடுத்த ஆளைப் பாரு" என்றார்.

"முடியாது சார்" என்றாள் கேள்விக்காரி.

நான் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். அவள் காலை நகர்த்திக்கொண்டாள்.

"அவர் என்ன தப்புப் பண்ணார்னு அந்த ஆள் சொல்லல. சொல்லாததை வச்சு ஒருத்தரை வேணாம்னு சொல்லக் கூடாது. அவரைக் கூப்பிட்டு, உங்களைப் பத்தி இப்படி வந்துச்சு, உங்க பதில் என்னன்னு கேக்கணும். விதி அதுதான் சார்."

"உன் புருஷன் சோத்துல மண்ணைப் போட்டவனுக்கு நீ வக்கீலா?"

"வக்கீல் இல்ல சார். அவர் வரட்டும். இங்க வந்து உக்காரட்டும்."

முதலாளி அவள் சொன்னதைக் கேட்டார். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் தர்மமும் இல்லை, இரக்கமும் இல்லை. மீன் தூண்டிலைத் தொட்டதும் கயிற்றைச் சுண்டாமல் விட்டுப்பிடிக்கிறவன் முகம் அது.

வீட்டில் மாமியாருக்கு இது எங்கே புரியும்? "கையில விழுந்த பழத்தைத் தூக்கிச் சாக்கடையில போட்டுட்டாளே" என்று சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்படி அழுதாள். மருமகள் ஆக்கிய சோற்றைத் தொடமாட்டேன் என்று, ரொட்டியை வெந்நீரில் நனைத்துத் தின்றாள். இவளும் சமாதானம் சொல்லவில்லை. இன்டர்வியூ நாள் வரைக்கும் அந்த வீட்டில் ஸ்க்ரூ டிரைவர் சத்தம்தான்.

அன்றைக்கும் மழை. சிரிப்பு சார் குடையை மடக்கிக்கொண்டே சிரித்தபடி கேட்டுக்குள் வந்தார். வாட்ச்மேனுக்கு ஒரு சிரிப்பு, எனக்கு ஒரு சிரிப்பு, சுவரில் சாய்த்திருந்த வளைந்த அட்டைக்கும் ஒரு சிரிப்பு. தலை நரைத்திருந்தது. சட்டைக் காலரில் துவைத்துத் துவைத்து நூல் பிரிந்திருந்தது. ஒரு நொடி பாவம் என்றுகூடத் தோன்றியது. வேலை இல்லாதவன் காலரை எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். பக்கத்து வீட்டிலேயே பார்த்திருக்கிறேனே.

முதலாளி நடுவில் உட்கார்ந்தார். நான் ஓரமாக, சொல்வதை எழுதிக்கொள்ள. கேள்விக்காரி எதிரில்.

"சார், ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒன்னு சொல்லணும்" என்றாள். "உங்க மில்லுல ஃபிட்டரா இருந்தவரோட மனைவி நான். நான் மார்க் போட மாட்டேன். நான் கேள்வி கேக்கறதுல உங்களுக்கு ஆட்சேபணை இருந்தா வேற ஆள் கேப்பாங்க."

அவர் புருவத்தைச் சுருக்கினார். "எந்த ஃபிட்டர்மா? எத்தனையோ பேரு..."

"உருளையில ரெண்டு விரல் போனவர்."

"ஓ... அவரா." முகம் தெரிந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. தொண்டையை லேசாகக் கனைத்துக்கொண்டார். "நல்ல மனுஷன்" என்றார்.

என் பேனா தாளில் அழுந்திக் கிழித்துவிட்டது. அந்த மனிதர் வேண்டுமென்றே செய்யவில்லை. அவருக்கு அது பழக்கம். மூச்சு விடுகிற மாதிரி வந்துவிட்டது. ஒரு குடும்பத்தையே கவிழ்த்ததை அவர் நினைவில்கூட வைத்துக்கொள்ளவில்லை, தொண்டை மட்டும் வைத்திருக்கிறது. கேள்விக்காரி ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். டம்ளரைச் சத்தமில்லாமல் வைத்தாள்.

"ஆட்சேபணை இல்லையே சார்?"

"சேச்சே, எனக்கென்னம்மா. நீ கேளு."

வரிசைப்படி கேட்டாள். எல்லோரிடமும் கேட்ட அதே கேள்விகள், அதே குரல். அவரும் நன்றாகத்தான் சொன்னார். ஆட்களைக் குடும்பம் மாதிரி நடத்துவேன் என்றார். பேசியே தீர்க்காத பிரச்சினை இல்லை என்றார். முதலாளிக்கே மறுபடி ஆசை வந்துவிட்டது, முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

"உங்க பழைய ஆபீஸ்ல பேசினோம் சார். மறுபடி உங்ககிட்ட வேலை பார்ப்பீங்களான்னு கேட்டோம். கொஞ்ச நேரம் பேச்சில்ல. அப்புறம் கனைச்சாங்க. அப்புறம் நல்ல மனுஷன்னு சொன்னாங்க. உங்களைப் பத்தி வந்ததை உங்ககிட்டச் சொல்லி, உங்க பதிலைக் கேக்கணும். இதுக்கு என்ன சார் அர்த்தம்?"

சிரிப்பு உடனே போகவில்லை. ஓரத்திலிருந்து காய்ந்த பசை மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக உரிந்தது.

"சளியா இருக்கும்மா. மழைக்காலம்."

"அக்கா, சளின்னு எழுதிக்கோங்க. அப்ப அதுல அர்த்தம் ஒன்னும் இல்லன்னு எடுத்துக்கலாமா சார்?"

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி ஜன்னலைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. சளி என்று சொல்லித் தப்பித்தால் கனைப்பு அப்படியே நிற்கும், எந்த முதலாளியும் அதை மறக்கமாட்டார் என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு.

"அது... நம்ம தொழில்ல ஒரு வழக்கம்மா. உனக்கே தெரியுமே."

"தெரிஞ்சதை எழுத முடியாது சார். நீங்க சொன்னா எழுதிக்கறோம்."

சொன்னார். கனைப்பு என்றால் என்ன, எதற்குக் கனைப்பார்கள், கேட்கிறவர் என்ன செய்வார், ஒவ்வொன்றாக அவர் வாயாலேயே சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் உயர்ந்தது. "ஆனா இது அநியாயம்மா! என்ன குத்தம்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லணும்ல? சொன்னா நான் பதில் சொல்லுவேன்ல? நாலு இடத்துல நல்லாத்தான் பேசினாங்க, அப்புறம் ஒருத்தரும் கூப்பிடல. ஏன்னு தெரியாம நான் ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டுக் கெடக்கறேன். இப்பத்தான தெரியுது, அந்த நாய் கனைச்சிருக்கான்! ஒரு மனுஷனை இப்படியா உயிரோட பொதைக்கறது?"

"எழுதிட்டீங்களாக்கா?" என்றாள் அவள். நான் எழுதிவிட்டேன். "நீங்க யாருக்காவது கனைச்சிருக்கீங்களா சார்?"

அவர் மேஜையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். கேட்கவேண்டிய கேள்வி இன்னும் ஒன்று இருந்தது. ஆனால் அது அவளுடைய சொந்தக் கேள்வி. விதிப்படி அவள் கேட்கக்கூடாது. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் முதலாளியைப் பார்த்துக் கண்ணை உருட்டினேன். அவருக்கே வாய் அரித்துக்கொண்டிருந்திருக்கும்.

"ஏன்யா, இந்தப் பொண்ணோட புருஷனுக்கு எதுக்குக் கனைச்ச?" என்று கேட்டேவிட்டார். "கை ஆகாதுன்னா?"

"கையா?" அவர் நிமிர்ந்தார். இப்போது நிஜமாகவே நினைவு வந்திருந்தது. "கை இல்லங்க. கை நல்ல கை. மூணு விரல்லயே முழு ஆள் வேலை பார்ப்பான். வாய்தான். மூடியைக் கழட்டச் சொன்னாங்கன்னு போற எடத்துலயும் சொல்லிவைப்பானோன்னு மேலே பயந்தாங்க. எந்தக் கம்பெனிக்குள்ளயும் காலு வைக்காம பாத்துக்கோன்னாங்க. அவங்க சொன்னதை நான் செஞ்சேன்."

கேள்விக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். நிமிர்ந்தபோது முகம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது.

"முடிஞ்சுது சார். நன்றி."

அவர் எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். "அவன் ஏன் கனைச்சான்னு மட்டும் கேட்டுச் சொல்லும்மா. வேலை கிடைக்குதோ இல்லியோ, அதாவது எனக்குத் தெரியணும்."

அவள் அவரை நன்றாக, நிதானமாகப் பார்த்தாள்.

"தெரியப்படுத்துறோம்" என்றாள்.

முதலாளி அன்றே வேண்டாம் என்று முடிவு செய்தார். நியாயம் அநியாயம் எல்லாம் அவருக்குப் பெரிதில்லை. "இவன் நாளைக்கு என்னைப் பத்தியும் எங்கயாவது கனைப்பான்" என்றார். கேள்விக்காரி அந்த உதவியாளரைத் திரும்பக் கூப்பிட்டு, கனைப்பு வேண்டாம், காரணம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் சொன்னதைக் கணக்கில் எடுக்கமாட்டோம் என்றாள். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். மில்லை மூடப்போவது தெரிந்தும், ஆட்களிடம் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று கடைசி நாள் வரை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார் சிரிப்பு சார். அதை நம்பி வேறு வேலையை வேண்டாம் என்று சொன்னவர்களில் உதவியாளரும் ஒருவர். ஆக, காரணம் கையில் இருந்தது. வேலை கிடைக்காத மற்றவர்களை எல்லாம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். அவரை மட்டும் கூப்பிடவில்லை.

அவர் கூப்பிட்டார். முதலில் டைம் ஆபீஸுக்கு. அப்புறம் அவள் போனுக்கு. "ஏதாவது தெரிஞ்சுதாம்மா?" "தெரியப்படுத்துறோம் சார்." மறுநாளும் அதே. மழை விட்டு, அட்டை நேராகி, மெஷின்காரர்களும் பசைக்காரர்களும் சமாதானமாகிவிட்டார்கள். அப்போதும் அதே.

"இது உன் விதியில இருக்காடி?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. தப்புதான்" என்றாள். "கொஞ்சம் ஊறட்டும்."

மாமியாருக்கு இது தேனாக இருந்தது. அவள் சோறு தின்ன ஆரம்பித்துவிட்டாள். மருமகளுக்கு முட்டையில் பெரிய பங்காக வைத்தாள். போன் அடிக்கும்போதெல்லாம், "எடுக்காத, எடுக்காத, நல்லா அடிக்கட்டும்" என்பாள். கை காரணமில்லை என்று தெரிந்த அன்று ஃபிட்டர் பின்கட்டில் போய் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றான். குழாய்ச் சத்தத்துக்கு நடுவே அவன் அழுதது எனக்குக் கேட்டது. ஒற்றைச் செங்கல் சுவர், நான் என்ன செய்ய?

ஒருநாள் சாயங்காலம் நான் அங்கே இருக்கும்போதே போன் வந்தது. அவள் எடுத்துப் பார்த்துவிட்டு, "தெரியப்படுத்துறோம்னு சொல்லப்போறேன்" என்று எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. எங்கேயோ பார்த்த சிரிப்பு.

ஃபிட்டருக்கும் அது பட்டிருக்கவேண்டும். "ஊறினது போதும். அந்த ஊறல் எனக்குத் தெரியும். கொண்டா" என்றான்.

"ஏங்க, நான்தான் சொல்லணும். அது விதி."

"காரணம் அவன் காதுக்குப் போய்ச் சேரணும், அதானே உன் விதி? நான் சேத்துடறேன்."

"விட்டுடாதடா!" என்றாள் மாமியார். அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு சொல் விடாமல் கேட்க முன்னறைக்கு வந்து உட்கார்ந்தாள்.

ஃபிட்டர் பாக்கெட்டிலிருந்து வலது கையை வெளியே எடுத்தான். மூன்று விரலால் போனைப் பிடித்தான்.

"சார், ஃபிட்டர் பேசறேன். ஆமா, அதே நல்ல மனுஷன்தான். வச்சிடாதீங்க, உங்களுக்கு ஒன்னு தெரியப்படுத்தணும். அந்த வேலை உங்களுக்கு இல்ல. ஏன் இல்லன்னு ஒவ்வொன்னா சொல்றேன். யார் சொன்னாங்கன்னு மட்டும் கேக்காதீங்க, அதைச் சொல்லக் கூடாதாம். மத்ததெல்லாம் சொல்றேன். உங்களுக்குப் பதில் இருந்தா நீங்களும் சொல்லுங்க, நான் கேக்கறேன். எனக்கு அவசரம் ஒன்னும் இல்ல."

மூடிய மில்லிலிருந்து ஆரம்பித்தான். உதவியாளருக்கு நடந்ததை யார் பெயரும் எடுக்காமல் சொன்னான். அப்புறம் பின்னோக்கிப் போய், இரும்பு மூடிக்கு வந்தான். ஆப்பிளுக்கு வந்தான். அம்மா கும்பிட்டதைச் சொன்னான். பாக்கெட்டுக்குள் போன கையைச் சொன்னான். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மெஷினில் எந்த இடம் பழுது என்று சொல்வது போல ஒவ்வொரு இடமாகத் தொட்டுத் தொட்டுச் சொன்னான். அந்தப் பக்கத்தில் அழுகிற சத்தம் கேட்டது. அதற்காக நிறுத்தவில்லை. கடைசி வரைக்கும் ஒரு தடவைகூடக் கனைக்கவில்லை.